இணையவழிப் பாடமும் புலன்குறையுடைய மாணாக்கரும்

தொண்டைநாட்டிலே தோன்றி, ஈழத்துக்கும் போந்து, யாழ்ப்பாணத்து அரசவையிலே பரிசில் பெற்றார் எனப் புலவர் வரலாறுகள் புகலும் அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். அவர் எழுத்தறிந்த வகையைக் குறித்து ஒரு செய்தி கர்ணபரம்பரையாய் வழங்கி வருகின்றது. எழுத்துக்களை அவர்தம் முதுகிலே விரலால் எழுதிக் காட்ட, அவற்றின் வடிவை மெய்யுணர்வால் அறிந்து அவர் கற்றனர் என்பதே அச்செய்தி. இஃது எத்துணை வரலாற்றுண்மை உடையது என ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமன்று. கண்ணென்னும் வாயில் அடைபட்டிருந்த மாணாக்கருக்கு மெய்யென்னும் வாயிலைத் திறந்துவிட்ட ஒருவர், பெயர் தெரியாதவர், அக்கதையினுள்ளே மறைந்து நிற்கின்றார். எம்மனோர் எண்ணுதற்குரியவர் அவரே. பாடத்தை மாணாக்கனிடத்துச் சேர்ப்பித்தல் ஆசிரியன் கடன். எவ்வாயிலாற் சேர்ப்பிப்பது என ஆராய வேண்டியவனும் அவனேயாவன்.

இற்றைநாளில் பாடம் செல்லும் வழி மாறியுள்ளது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனாப் பெருந்தொற்றுக் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. திறப்பதும் மீண்டும் மூடுவதுமாய் ஈராண்டு கழிந்தபின், 2022ஆம் ஆண்டிலே எரிபொருட் பஞ்சம் வந்து ஆசிரியரையும் மாணவரையும் மறுபடியும் வீட்டிலிருத்திற்று. அக்காலத்தே சூம் வகுப்பும் வட்ஸ்அப் குழுவுமே எமக்குக் கரும்பலகையாயின. பாடசாலைகள் திறந்த பின்னரும் அவ்வழக்கம் முற்றாய் மறையவில்லை. விடுமுறைக்காலப் பயிற்சியும், கடந்த கால வினாத்தாள்களும், தவணைக் குறிப்புக்களும் இன்றும் கைத்தொலைபேசி வழியாகவே மாணவர் கையை அடைகின்றன. சமிக்ஞை இன்மை, மின்வெட்டு, கருவி வாங்கப் பொருளின்மை ஆகிய இடர்களைப் பலரும் பலவிடத்தும் எழுதியுள்ளனராதலின் யாம் அவற்றை விடுத்து, எழுதப்படாத ஓரிடரை எடுத்துக்கொள்கின்றோம். கருவியும் உண்டு, இணையமும் உண்டு, ஊக்கமும் உண்டு. ஆயினும் பாடம் மட்டும் எட்டவில்லை என்னும் நிலையே அது.

யாமறிந்த மாணவன் ஒருவன் அந்நாளிலே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தான். பார்வை முற்றும் இல்லாதவன். வகுப்பறையிலே அவனுக்கு இடர் பெரிதன்று. ஆசிரியர் செய்யுளை ஓசையோடு பாடுவார், அவன் கேட்பான், பிரெயிற் பலகையையும் ஊசியையும் கொண்டு வேண்டியதைக் குத்திக்கொள்வான், எஞ்சியதை நினைவிலிருத்துவான். பாடசாலை மூடியபின் அவனுடைய தொலைபேசிக்கு வந்த பாடங்கள் மூவகைப்பட்டன. ஆசிரியர் கையாலெழுதிய குறிப்பின் நிழற்படம் ஒருவகை. பாமினி எழுத்துருவிலே தட்டச்சிட்டுப் பிடிஎப் ஆக்கிய கோப்பு மற்றொரு வகை. குரற்பதிவு மூன்றாம் வகை. முதலாம் வகையைத் திறந்தபோது அவனுடைய தொலைபேசி ‘படம்’ என்னும் பொருள்பட ஒரு சொல்லைச் சொல்லி அவ்வளவில் நின்றது. இரண்டாம் வகையைத் திறந்தபோதோ, கண்ணுடையார்க்குச் செவ்விய தமிழாய்த் தோன்றும் அதே பக்கத்தை, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலாய் ஒப்புவித்தது. மூன்றாம் வகை மட்டுமே அவனுக்குப் பாடமாயிற்று. அதுவும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும்.

அவனுக்கு ஒரு தமக்கை. அவளும் உயர்தரம் கற்பவள். தன் வகுப்புக்களும் வீட்டுவேலையும் முடிந்த பின்னர், இரவிலே தம்பியின் அருகிருந்து அந்நிழற்படங்களை ஒவ்வொன்றாய் வாசித்துக் காட்டுவாள். அவளுக்குப் பரீட்சை நெருங்கிய கிழமைகளிலே தம்பிக்குப் பாடம் இல்லாதொழிந்தது. அவள் அன்பை யாம் எத்துணைப் போற்றினும், ஒரு மாணவனின் கல்வி மற்றொரு மாணவியின் ஓய்வு நேரத்தைப் பற்றிக்கொண்டு தொங்குதல் முறையாகுமா என்னும் வினா எம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை.

இனி, அத்தொலைபேசி ஒரு கோப்பை வாசித்தலும் மற்றொன்றை வாசியாதொழிதலும் ஏன் என்பதைச் சிறிது விளக்குவோம். கணினித்துறையில் வல்ல பழைய மாணவர்க்கு இது பழஞ்செய்தி. எமக்கும் எம்மையொத்த ஆசிரியர்க்கும் இது தெளிவாதல் வேண்டும்.

பார்வையற்றோர் கணினியையும் தொலைபேசியையும் பயன்படுத்துதற்குத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் துணைசெய்கின்றது. திரையிலுள்ள எழுத்தை எடுத்துக் குரலாக்கித் தருவது அதன் தொழில். அண்ட்ரொயிட் தொலைபேசிகளில் ‘டோக்பாக்’ என்பதும், ஐபோன்களில் ‘வொய்ஸ்ஓவர்’ என்பதும் உள்ளன. கணினிக்கென உள்ளவற்றுள் ‘என்.வி.டி.ஏ.’ என்பது விலையின்றிக் கிடைப்பது. அதனை 2006ஆம் ஆண்டிலே தொடங்கியவர் ஆத்திரேலியராகிய மைக்கல் கரன் என்பார். உடனின்று வளர்த்தவர் ஜேம்ஸ் தே என்பார். இருவரும் பார்வையற்றவரே. தமக்கு வேண்டிய கருவியைத் தாமே ஆக்கிக்கொண்டு உலகுக்கும் வழங்கிய இவ்விருவர் பெயரும் மாணவர் அறிந்திருத்தற்குரியன. அக்கருவியுடன் வரும் குரல்களுள் தமிழ்க்குரலும் ஒன்று. அஃது இயந்திரக்குரலாதலின் இனிமையுடைத்தன்று. பழகியவர்க்கோ பொருள் விளங்கத் தடையில்லை.

இக்கருவி எழுத்தின் வடிவைக் காண்பதில்லை என்பதே ஈண்டு அறியவேண்டிய நுட்பம். எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டு உண்டென இலக்கணநூலார் கூறுவர். யாமும் கீழ்வகுப்புக்களிலே அவ்வாறே கற்பிக்கின்றோம். கணினியோ இவற்றுக்கு மேலாக மூன்றாவதொரு வடிவைச் சேர்த்துள்ளது. அதனை எண்வடிவு என்போம். கணினியின் உள்ளே எழுத்தென ஒன்றில்லை; எண் மட்டுமே உண்டு. எவ்வெண் எவ்வெழுத்து என்னும் உடன்பாடு உலகெங்கும் ஒன்றாயிருப்பின், ஓரிடத்து எழுதியதை மற்றோரிடத்து வாசிக்கலாம். யுனிகோட் என வழங்கும் ஒருங்குறி அத்தகைய உடன்பாடாகும். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. பதின்மான எண்ணாகக் கூறின் அவை 2944 முதல் 3071 வரையுள்ளவை. தமிழ் என்னும் சொல் அம்முறையில் 2980, 2990, 3007, 2996, 3021 என ஐந்து எண்ணாகும். தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என்பன முறையே அவை. திரைவாசிப்பான் இவ்வைந்தெண்ணையும் கண்டவுடனே இது தமிழ் என அறிந்து, தமிழ்க்குரலாற் சொல்லிவிடும்.

பாமினி முதலிய பழைய எழுத்துருக்களின் இயல்பு வேறு. அவை ஆங்கில எழுத்துக்குரிய எண்களையே வைத்துக்கொண்டு, அவற்றின் மேலே தமிழ் வரிவடிவைப் போர்த்துகின்றன. பாமினியில் தமிழ் என்று தட்டச்சிட்டால் கணினியினுள்ளே சேர்வது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே. போர்வையைக் காணும் கண்ணுக்கு அது தமிழ். போர்வையைக் காணாத கருவிக்கு அது ‘ஜே கே பி ஓ’. அம்மாணவனின் செவியில் விழுந்த குவியல் இத்தகையதே.

தமிழாசிரியர் கருத்தூன்றிக் காணவேண்டிய மற்றொரு வேறுபாடும் உண்டு. கெ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். வரிவடிவிலே கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. ஒலிவடிவிலோ ககரமெய் முன்னும் எகரம் பின்னும் ஒலிக்கும்; உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் வரும் என்பது நாம் அறிந்த விதி. பாமினி வரிவடிவைப் பின்பற்றிக் கொம்பை முதலில் வைக்கின்றது. ஒருங்குறி ஒலிவடிவைப் பின்பற்றிக் ககரத்தை முதலில் வைத்து, எகரக்குறியைப் பின்னே வைக்கின்றது. திரையில் எழுதுங்கால் மட்டும் கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுகின்றது. பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் பிரெயிலும் இவ்வாறே. பிரான்சு நாட்டு லூயி பிரெயில் வகுத்த ஆறு புள்ளி முறையை இந்திய மொழிகட்கு ஏற்பப் பொதுவாய் அமைத்த பாரதி பிரெயில் 1951ஆம் ஆண்டிலே உருவாயிற்று. தமிழுக்கும் அதுவே உரியது. அதிலே கெ என்பது ககரமும் எகரமும் அடுத்தடுத்து நிற்பதேயாம். கொம்பு என ஒன்று அங்கில்லை. ஆகவே ஒருங்குறியில் அமைந்த பாடத்தை மென்பொருள் கொண்டு பிரெயிலாக மாற்றுதலும் எளிதாகின்றது. ஒலியை முதலாகக் கொண்டு எழுத்தை வகுத்த நம் முன்னையோர் முறை, கண்ணில்லாதார்க்கு இன்று கைகொடுத்தல் எமக்கு வியப்பும் மகிழ்வும் தருகின்றது.

இவ்வளவிற் பாமினியைப் பழித்தோம் என எவரும் கொள்ளற்க. ஒருங்குறி எளிதிற் கைவராத காலத்திலே, நம் நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் எத்தனையோ நூல்களையும் மலர்களையும் வினாத்தாள்களையும் அச்சேற்றியது அவ்வெழுத்துருவே. அச்சுக்கு அது குறைவின்றி உதவும். தாளில் பதியும் எழுத்துக்கு எண்வடிவு எதுவாயினும் ஆகுக. பாடம் தாளைவிட்டுத் திரைக்கு வந்தபோதுதான் அதன் குறை வெளிப்பட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் ஒருங்குறியைத் தழுவிய தமிழ் நியமத்தை 2008ஆம் ஆண்டிலே வெளியிட்டது. ஆயினும் ஆசிரியர் பலர் இன்னும் பழைய முறையை விடாமைக்குக் காரணம் சோம்பலன்று, விரற்பழக்கமே. இருபதாண்டாகப் பாமினி விசைப்பலகையிலே ஓடிய விரல் புதியதொன்றைக் கற்கத் தயங்குவது இயல்பு. அன்னார்க்கு யாம் கூறுவது ஒன்றுண்டு. விரற்பழக்கத்தை மாற்றவே வேண்டியதில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் முதலிய மென்பொருள்கள் பாமினி விசைமுறையிலேயே தட்டச்சிட விட்டு, உள்ளே ஒருங்குறியைச் சேர்க்க வல்லன. முன்னரே பாமினியில் தட்டச்சிட்டு வைத்த குறிப்புக்களை ஒருங்குறியாக்கும் மாற்றிகளும் இணையத்திலே உள. ஒரு பக்கத்தை மாற்ற ஒரு நிமிடமும் செல்லாது. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்த்தல் மட்டும் வேண்டும். பழைய கோப்பின் நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழெழுத்தாக்கி உருக்குலைத்துவிடுதல் உண்டு.

நிழற்படமாய் உள்ளவற்றின் நிலை இதனினும் கடினம். படத்திலுள்ள எழுத்தை உணர்ந்து எழுத்தாக்கும் மென்பொருள் தமிழுக்கும் வந்துவிட்டது. தெளிவான அச்சை அது பெரும்பாலும் சரியாக வாசிக்கும். கையெழுத்திலே மிகவும் தடுமாறும். அச்சிலும் ரகரத்தையும் ஆகாரத்தின் காலையும் மயங்கக் கொள்ளும். மங்கிய புள்ளியை விட்டுவிடும். ணகர னகரங்களை மாற்றிவிடும். புள்ளி ஒன்று விழுந்தாற் பொருள் எங்ஙனம் மாறும் என்பதைத் தமிழ் கற்றார்க்கு யாம் சொல்லவேண்டியதில்லை. ஆதலால் மனிதக் கண் ஒன்று ஒப்புநோக்கித் திருத்தல் இன்றியமையாதது. பிடிஎப் கோப்பைப் பற்றியும் ஒரு சொல். ஒருங்குறியில் எழுதிய பாடத்தையே பிடிஎப் ஆக்கினும், சிலவேளை உள்ளே எழுத்துக்கள் இடம்பிறழ்ந்துவிடுகின்றன. எனவே பிடிஎப் உடனே மூலக்கோப்பையும் சேர்த்தனுப்புதல் நலம்.

இங்கே ஒரு முரணைச் சுட்டாதிருக்க முடியவில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் சங்கநூல் முதலாகப் பல தமிழ் நூல்களை எழுத்தாகவே தட்டச்சிட்டு, ஒருங்குறியிலும் இணையத்தில் இலவசமாய் வைத்துள்ளது. திரைவாசிப்பான் உடைய மாணவன் அங்கே சென்று சிலப்பதிகாரத்தைக் கேட்கலாம், திருக்குறளைக் கேட்கலாம். ஈராயிரமாண்டுப் பழமையுடைய நூல் அவனுக்கு எட்டுகின்றது; நேற்று மாலை தன் வகுப்பாசிரியர் அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பு எட்டுவதில்லை. 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகமோ ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அழியாமற் காத்துவரும் அரும்பணியைச் செய்வது. அங்கே பெரும்பாலன பக்கங்களின் படங்கள். அழிவிலிருந்து காத்தல் முதற்பணி. அதனை அவர்கள் செய்துள்ளனர். படத்தை எழுத்தாக்குதல் அடுத்த பணி. அது பல கைகள் கூடிச் செய்யவேண்டியது.

நிற்க. எழுத்து எழுத்தாய் அமைந்துவிட்டால் எல்லாம் முடிந்ததோ எனின், முடிந்ததன்று. கண்ணுடைய மாணவன் ஒரு பக்கத்தைக் கண்டவுடனே எது தலைப்பு, எது உதாரணம், எது வினா என ஒரு நோக்கிலே பகுத்தறிகின்றான். செவியாற் கற்பவனுக்குப் பக்கம் என ஒன்றில்லை. ஒரு நீண்ட குரலே உண்டு. எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டால் தலைப்பாயிற்று என நாம் கருதுகின்றோம். கருவி அவ்வாறு கருதாது. வேட் மென்பொருளிலே ‘தலைப்பு’ என்னும் பாணி தனியே உள்ளது. அதனைத் தெரிந்திட்டால் மாணவன் ஒரு விசையை அழுத்தித் தலைப்புவிட்டுத் தலைப்பு தாவிச் செல்லலாம். ஐந்திணைக்குரிய முதல் கரு உரி அட்டவணையை இடைவெளி விசையால் தள்ளித் தள்ளி வரிசைப்படுத்துதலும் தவிர்க்கத்தக்கது. அட்டவணைக்குரிய கருவியால் அமைத்தால் ‘முல்லை, பெரும்பொழுது, கார்’ எனத் தொடர்பு விளங்கக் கேட்கும். இடைவெளியால் அமைத்தால் ஐந்து திணையின் பெரும்பொழுதும் ஒன்றோடொன்று கலந்து காதில் விழும்.

செய்யுட் பாடத்திலே தமிழுக்கே உரிய ஓரிடர் உண்டு. சீர் நோக்கிப் பிரித்தெழுதிய பாட்டிலே ஒரு சொல் ஈரிடத்துப் பிளவுபட்டு நிற்கும். இருசொல் ஒன்றாய்ப் புணர்ந்தும் நிற்கும். நல்லாசிரியர் பாடுங்கால் ஓசையும் கெடாது, பொருளும் விளங்கும். இயந்திரக்குரல் அவ்வாறு பாட வல்லதன்று. சீரைச் சொல்லென்று கொண்டு வெட்டி வெட்டி வாசிக்கும். ஆகவே மூலத்தின் கீழே சந்தி பிரித்த பாடத்தையும் தருதல் வேண்டும். அதனோடு ஆசிரியர் தம் வாயாற் பாடிய குரற்பதிவு ஒன்று சேருமாயின் அதனிற் சிறந்தது பிறிதில்லை. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என ஓரதிகாரம் வைத்தார். செவிவழிக் கல்வி நமக்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடி அரிதாயிருந்த நாளிலே கண்ணுடையோரும் அவ்வழியே கற்றனர்.

நேரடி வகுப்பிலும் சூம் வகுப்பிலும் ஆசிரியர் நாவிலே அடிக்கடி வருவன சுட்டுச்சொற்கள். “இதனைப் பாருங்கள், இது இங்கே வந்தமையால் அது அங்கே திரிந்தது” என்கின்றோம். விரல் திரையைத் தொடுகின்றது. விரலைக் காணாதவனுக்குச் சுட்டும் இல்லை, சுட்டப்பட்ட பொருளும் இல்லை. “நிலைமொழி ஈற்றிலுள்ள மகரம் கெட்டது” என்று சொல்லிவிட்டால், காண்பவன் காணாதவன் ஆகிய இருவருக்கும் ஒருங்கே விளங்கும். எம் அநுபவத்திலே இவ்வாறு பெயர் சுட்டிச் சொல்லப் பழகியபின் கண்ணுடைய மாணவரும் புணர்ச்சிவிதியை விரைந்து பற்றினர். படங்களுக்கும் இஃதே முறை. படத்தின் கீழே அதனை விவரிக்கும் இரண்டு வாக்கியம் எழுதல் வேண்டும். ‘கோவிலின் படம்’ என்றெழுதல் விவரணமன்று. பாடத்துக்கு அப்படத்தில் எது வேண்டுமோ, கோபுரத்தின் நிலையோ, தூணின் சிற்பமோ, அதனைச் சொல்லல் வேண்டும். வருணனை எழுதக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

செவிப்புலன் குன்றிய மாணாக்கர்க்கு வேண்டுவன வேறு. அவருட் சிலர் உதட்டசைவைக் கண்டு பேச்சை உணர்வர். பகரமும் மகரமும் இதழிரண்டும் பொருந்துதலாற் பிறக்கும் எனப் பிறப்பியல் கூறும். ஒன்று வாயொலி, மற்றொன்று மூக்கொலி. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றே. ஆகவே பாலை என்று சொன்னோமோ மாலை என்று சொன்னோமோ என்பதை உதட்டைப் பார்ப்பவர் அறியார். திணையும் பொழுதும் கற்பிக்கும் வகுப்பிலே இது சிறுமயக்கமன்று. லகர ளகர ழகரங்களோ வாயினுள்ளே நாவின் தொழிலாற் பிறப்பன. புறத்தே தோன்றுவது சிறிதே. எனவே கலைச்சொல்லை வாயாற் சொல்லுமுன் திரையிலே எழுதிக் காட்டல் வேண்டும். ஒளி ஆசிரியரின் முகத்தின்மேல் விழுதல் வேண்டும். சாளரத்தைப் பின்னே வைத்துக்கொண்டு அமர்ந்தால் முகம் கருநிழலாய்ப் போம். முகக்கவசத்தோடு வகுப்பறையிலே நின்ற ஆசிரியரினும், கவசமின்றித் திரையிலே தோன்றிய ஆசிரியரே இம்மாணவர்க்கு அக்காலத்தே பெரிதும் உதவினர் என்பதையும் நடுநிலையோடு சொல்லல் வேண்டும். இணையவழிக் கல்வி எல்லார்க்கும் இடரே செய்தது என்றல் பொருந்தாது.

காணொளிப் பாடத்தின் கீழே வசனவரி சேர்த்தல் நன்று. அதனை இயந்திரத்திடம் விட்டால் நம் பேச்சுத்தமிழிலே அது மிகவும் இடறுகின்றது. இலக்கியச் சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் சிதைக்கின்றது. ஆசிரியர் தாம் பேசப்போவதன் சுருக்கத்தை முன்னரே எழுத்தாய் அனுப்பிவிட்டால் பாதி இடர் தீரும். பிறவியிலேயே செவிப்புலனின்றிச் சைகைமொழியோடு வளர்ந்த பிள்ளைகட்கு எழுத்துத்தமிழ் இரண்டாம் மொழி போன்றது என்பதையும் மறத்தலாகாது. அவர்க்கு வசனவரி மட்டும் போதாது. சைகைமொழி வல்லார் ஒருவர் திரையின் ஒருபால் இடையறாது தோன்றல் வேண்டும். இது தனியோர் ஆசிரியராற் செய்தற்கரியது. கைதடியிலுள்ள நவீல்ட் பாடசாலை போன்ற நிறுவனங்களின் பயிற்சி பெற்ற ஆசிரியரோடு நம்மையொத்த கல்லூரிகள் தொடர்புகொண்டு செய்யவேண்டுவது.

கைகால் வலுவிழந்தவர்க்கு நேரம் குறித்த இணையவழி வினாத்தாள் பெருந்துன்பம். அவர்க்குக் காலத்தை நீட்டிக் கொடுக்கும் வசதி பெரும்பாலான வினாமென்பொருள்களில் உண்டு. அதனைத் திறந்துவிடுதலே வேண்டுவது. வாசிப்பிலே இடர்ப்படும் பிள்ளைகட்கும் எழுத்தைக் குரலாக்கும் கருவி துணையாகும். ஆண்கள் கல்லூரியாதலின் நிறக்குருட்டைப் பற்றியும் ஒன்று கூறுவோம். செம்மையையும் பசுமையையும் பிரித்தறியாமை ஆண்பாலாரிடத்தே மிகுதி. இனத்துக்கு இனம் வேறுபட்டு நூற்றுவருள் நால்வர் முதல் எண்மர் வரை அக்குறையுடையர். தமக்கு அக்குறையுண்டென்பதைப் பலர் தாமே அறியார். “சிவப்பிலுள்ளவை பிழை, பச்சையிலுள்ளவை சரி” என்று நிறத்தை மட்டும் நம்பி விடைகாட்டினால் நாற்பதின்மர் வகுப்பிலே ஓரிருவர்க்கு அது விடையாகாது.

ஒரு மாணவனுக்காக இத்துணை முயற்சி வேண்டுமோ என ஆசிரியர் அறையிலே வினவுவோர் உளர். சட்டம் வேண்டும் என்கின்றது என்பது ஒரு விடை. வலுவிழந்தோர் உரிமைகளைக் காத்தற்கென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டிலே உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையையும் இலங்கை 2016ஆம் ஆண்டிலே உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வியைப் பற்றியது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி ஆசிரியர் இதனைச் செய்யவேண்டும் என யாம் விரும்பவில்லை. கணக்கொன்றைக் காட்டுவோம். ஒருங்குறியில் ஒரு தமிழெழுத்துக்குறி இணையத்திலே பெரும்பாலும் மூன்று பைற்றுக் கொள்ளும். ஈராயிரம் குறியுடைய ஒரு பக்கம் ஏறத்தாழ 6 கிலோபைற்று. அதே பக்கத்தை நிழற்படமாய் எடுத்தால் வட்ஸ்அப் சுருக்கி அனுப்பினும் அதனிற் பன்மடங்கு. நாட்கூலி பெறும் தந்தையின் தொலைபேசியிலே டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவனுக்கும், சமிக்ஞை மெலிந்த கரையோரக் கிராமத்து மாணவனுக்கும் எழுத்தாய் வரும் பாடமே விரைந்து வந்து சேரும். அதனைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வேண்டிய சொல்லைத் தேடலாம். படத்திலே தேடல் இயலாது. பார்வையற்ற ஒருவனுக்கென்று செய்த ஒழுங்கு, வறுமையுற்ற பலர்க்கும் வழிவிட்டது.

பழைய மாணவர்களிடம் இனி எமது வேண்டுகோள். திறன்பலகையும் கணினியும் வாங்கித் தந்த உங்கள் கொடையைக் கல்லூரி நன்கறியும். யாம் இப்போது வேண்டுவது பொருளன்று. கண்ணும் சிறிது நேரமுமே. தமிழ், சமயம், வரலாறு ஆகிய பாடங்களின் கடந்த பத்தாண்டு வினாத்தாள்களும், ஆசிரியர்கள் எழுதிய குறிப்புக்களும் படமாகவும் பாமினிக் கோப்பாகவும் எம்மிடம் குவிந்து கிடக்கின்றன. அவற்றை மென்பொருளால் எழுத்தாக்கும் பணியை உயர்தர மாணவர் செய்யலாம். எழுத்தாக்கியதை மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழைதிருத்த, தமிழ் நன்கறிந்த மூத்தோர் வேண்டும். கொழும்பிலிருப்பினும், இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ இருப்பினும் கிழமைக்கு இரண்டு பக்கம் ஒருவர் திருத்துவாராயின், ஐம்பதின்மர் சேர்ந்து ஓராண்டிலே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களை முடிக்கலாம். கணினித்துறையிலுள்ளோர் எம் ஆசிரியர்க்கு இணையவழியே ஒரு பிற்பகற் பயிற்சி அளிப்பின், விசைப்பலகை மாற்றத்தைப் பற்றிய அச்சம் நீங்கும்.

இவ்விழா மலரும் அச்சானபின் கல்லூரியின் இணையத்தளத்தில் ஏறும் என அறிகின்றோம். நம் பழைய மாணவருள்ளே முதுமையாலும் நீரிழிவாலும் பார்வை மங்கியோர் பலர் உளர். முன்னாளில் இம்மைதானத்திலே ஓடியவர்கள், இன்று தம் தோழர் எழுதியதைப் பேரப்பிள்ளை வாசிக்கக் கேட்கின்றார்கள். மலரின் பக்கங்களைப் படமாக ஏற்றாது, கட்டுரைகளை ஒருங்குறியிலும் ஏற்றுமாறு மலர்க்குழுவினரை வேண்டியுள்ளோம். இக்கட்டுரையையும் அவ்வாறே தட்டச்சிட்டுக் கொடுத்துள்ளோம். பிழைதிருத்தும் பணியில் சேர விரும்புவோர், தமக்கு இயைந்த பாடத்தையும் கிழமைக்கு எத்தனை பக்கம் இயலும் என்பதையும் குறித்து, பழைய மாணவர் சங்கச் செயலாளருக்கு அறிவிப்பாராக. முதற்கண் எடுத்துக்கொள்ளவிருப்பது சாதாரண தரத் தமிழ்மொழியும் இலக்கியமும் வினாத்தாள்களே.